கானிக்கு வந்த விமர்சனங்கள்

புரூஃப் பார்த்துப் பழகியவளுக்கு எதையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. ஓட்டலில் சாப்பாட்டு அட்டையைக் கொடுத்தால் சூப்பின் பெயரில் இருக்கும் பிழைதான் முதலில் கண்ணில் படும். நீங்கள் தட்டச்சு செய்து நீட்டிய இந்தத் தாளில்கூட மால்வர்ன் என்ற எங்கள் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விழுந்துபோயிருக்கிறது, இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடுவதற்குள் சரிசெய்துவிட்டால் நன்றாக இருக்கும்.

என் பெயர் பெரில் ஆம்ப்ரி. லண்டனில் 'செசிலியா' மாத இதழில் வேலை பார்த்தேன். இசைத்தட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவதற்கென்றே இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஆரம்பித்த பத்திரிகை அது, இன்னும் வருகிறது. பள்ளி முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன், தலை முழுக்க நரைத்த பிறகு வெளியே வந்தேன். விமர்சகர்கள் எழுதியதைப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அவர்கள் பெயர் கீழே வரும், என் பெயர் வராது. அது அந்த வேலையின் இயல்பு, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் அக்கா கான்ஸ்டன்ஸ். எல்லோருக்கும் கானி. அவள் பியானோ வாசிப்பவள். அறுபதுகளில் அவளுடைய இசைத்தட்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. ஹைடன், ஷூபர்ட். 'செசிலியா' அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு மணிக்கட்டில் ஏதோ கோளாறு வந்து மேடையை விட்டாள், வீட்டில் வாசிப்பதோடு சரி. எனக்கு ஓய்வு கிடைத்த சமயத்தில் அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. பார்க்கிற பொருளின் நடுவில் ஒரு கறுப்பு, ஓரங்கள் மட்டும் தெரியும். எழுத்துப் படிக்க முடியாது. ஆனால் யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டாள். விருந்தாளிகளுக்கு அவளே டீ ஊற்றுவாள், சாசரை நான் நகர்த்திக் கோப்பைக்கு நேரே வைப்பேன். அவளோடு வந்து இருக்கலாமா என்று நான் கேட்கவில்லை, வா என்று அவளும் சொல்லவில்லை. பெட்டியோடு வந்தேன், மாடியில் பின் அறையைக் காட்டினாள்.

சில வருடங்களுக்கு முன் 'செசிலியா' தன் பழைய இதழ்கள் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டது. முதல் இதழிலிருந்து ஒன்று விடாமல். திரையில் இடப்பக்கம் பழைய பக்கத்தின் படம் இருக்கும், வலப்பக்கம் அதே வாசகம் தனி எழுத்தாக இருக்கும். அந்த எழுத்தைப் பக்கத்தின் படத்திலிருந்து இயந்திரமே எடுத்துப் போட்டது, அதனால் பிழை மலிந்து கிடந்தது. ஓர் எழுத்து மாறியதில் ஒரு பாடகியின் தேன் குரல் தேள் குரலாகியிருந்தது. திருத்திக் கொடுக்கப் பழைய ஊழியர்கள் யாராவது உதவுவீர்களா என்று கேட்டார்கள். நான் முன்வந்தேன். வலப்பக்கத்து எழுத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தார்கள். யார் எதை மாற்றினாலும் மாற்றியவர் பெயரோடு அது பதிவாகும். எனக்கு அது தெரியும். என் சொந்தப் பெயரிலேயே எல்லாவற்றையும் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் அந்தக் காப்பகத்தில் சுற்றித் திரிந்த மாதங்கள் சுகமானவை. போர்க்கால இதழ்கள் காகிதப் பஞ்சத்தில் துண்டுப் பிரசுரம் மாதிரி மெலிந்திருக்கும், ஆனால் ஒரு மாதம்கூட நின்றதில்லை. கிராமபோனுக்கு எஃகு ஊசி நல்லதா முள் ஊசி நல்லதா என்று ஒரு கர்னலும் ஒரு பாதிரியாரும் வாசகர் பகுதியில் வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கர்னல் செத்துப்போனதால்தான் அது முடிந்தது. பாதிரியார் அனுப்பிய இரங்கல் குறிப்பிலும் முள் ஊசிக்கு ஒரு வரி இருந்தது.

கானிக்குக் காப்பகத்தைக் காட்டிக் கொடுத்தது ஹம்ஃப்ரி. எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், நல்ல மனிதர். அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, வாயால் கேட்டால் அது தேடி எடுத்துச் சத்தமாகப் படிக்கும்படி செய்துவைத்தார். வலப்பக்கத்து எழுத்தைத்தான் அது படிக்கும். படத்தைப் படிக்க அதற்குத் தெரியாது. ஆண் குரல், ஏற்ற இறக்கமே கிடையாது. கானி அதற்கு ஜெஃப்ரி என்று பெயர் வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ரொட்டியும் மார்மலேடும் வரும்போது ஜெஃப்ரியும் வருவான். கானி தன் பெயரைத் தேடச் சொல்வாள். அவன் படிக்கப் படிக்க அவள் உதடும் கூடவே அசையும். எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"கேட்டியாடி பெரில்? 'இவர் ஷூபர்ட்டை வாசிக்கவில்லை, மூச்சு விடுகிறார்.' இப்படி எழுத இப்ப யாரு இருக்கா?"

"டீ ஆறுது கானி."

"ஆறட்டும். ஜெஃப்ரி கண்ணு, அடுத்ததைப் படி."

இதற்கெல்லாம் நான் எதுவும் செய்யவில்லை. அந்த விருந்து வரைக்கும்.

ஹம்ஃப்ரியும் பக்கத்து வீட்டுத் தம்பதியும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்திருந்தார்கள். ஆட்டுக்கறி வறுவல் நான் செய்தது. கடைசியில் டிரைஃபிள் இனிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன், கானி கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"இருங்க, இதைக் கேக்காம யாரும் எழுந்திருக்கக் கூடாது. எங்க வீட்டு ரெண்டாவது கலைஞரைப் பத்தி 'செசிலியா' என்ன சொல்லுச்சுன்னு கேளுங்க. ஜெஃப்ரி, படிப்பா."

இளவயதில் நானும் அவளும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. நானும் வாசிப்பேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் தட்டுக்கு வந்த விமர்சனத்தை ஜெஃப்ரி தன் தட்டையான குரலில் படித்தான்: "மூத்த ஆம்ப்ரியின் விரல்களில் வெளிச்சம் இருக்கிறது. தங்கை குறுக்கே வரவில்லை."

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். ஹம்ஃப்ரி என்னைப் பார்த்துவிட்டு, "குறுக்கே வராம இருக்கிறதும் ஒரு திறமைதாங்க" என்றார்.

"திறமையா? அவளுக்கு அது பிறவிக் குணம்" என்றாள் கானி. "இப்பகூட பாருங்க, நான் கையை நீட்டினா அங்க உப்பு இருக்கும். அவ இருக்க மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள், அவளுக்கு எப்போதும் பேச்சு வரும். நீங்கள் அந்த விமர்சனத்தைப் போய்ப் பாருங்கள். அந்த வரியில் நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. எனக்காக இதைச் செய்தேன் என்று நினைக்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நான் திருத்தியது அவளுடைய ஹைடன் தட்டின் விமர்சனம். எழுதியவர் லயனல் கெம்ப். 'இந்த ஆண்டின் ஆனந்தமான இசைத்தட்டு' என்று எழுதியிருந்தார். அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தை கெம்ப் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும், தட்டு அந்த வாரம் முழுக்க என் மேசையில்தான் கிடந்தது. கேட்காத ஒன்றை ஆனந்தம் என்று எழுதுவது பிழை. 'ஆனந்தமான' என்பதை 'ஆயாசமான' என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல். கெம்ப் முழுதாகக் கேட்டிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார்.

சில நாள் கழித்து காலை உணவின்போது ஜெஃப்ரி அதைப் படித்தான். கானியின் உதடு அசைந்துகொண்டே வந்து நின்றது.

"திரும்பப் படி."

அவன் திரும்பப் படித்தான்.

"ஆயாசமா? கெம்ப் ஆனந்தம்னுல்ல எழுதினார்?"

"எவ்வளவோ வருஷம் ஆச்சே கானி."

"எவ்வளவு வருஷம் ஆனா என்னடி? அம்மா அதை வெட்டிக் கண்ணாடியில ஒட்டி வச்சிருந்தாங்க. தலை சீவுறப்பல்லாம் படிப்பேன்."

"அது வேற தட்டா இருக்கும்."

அவள் என்னை நம்பவில்லை. என் வார்த்தைக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு கிடையாது. ஆனால் ஜெஃப்ரியை நம்பினாள். அவனுக்கு அவள்மேல் ஆசையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. எழுதியிருப்பதைப் படிக்கிறான். பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தத்தையும் கவிழ்த்துவிடவில்லை, எனக்கு வேலை தெரியும். ஒரு விமர்சனத்தில் ஒரு சொல், அடுத்ததில் ஒரு வாக்கியம். 'மூச்சு விடுகிறார்' என்பதை 'மூச்சு வாங்குகிறார்' என்று ஆக்கினேன். அந்தந்த விமர்சகரின் நடை கெடாமல் செய்வதற்குப் பழக்கம் வேண்டும். அவர்கள் எல்லோருடைய நடையும் எனக்கு அத்துப்படி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் சில இடங்களில் மூலத்தைவிட நன்றாக வந்திருக்கிறது.

கானி சும்மா இருந்துவிடவில்லை. கராஜில் அச்சிட்ட பழைய 'செசிலியா' இதழ்கள் ஆண்டுவாரியாகத் தைத்து அடுக்கியிருந்தன. அவற்றில் தேடிப் படித்துக் காட்டச் சொல்லி ஹம்ஃப்ரியைக் கூப்பிட்டாள். கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால் முந்திய வாரமே பழைய காகிதம் எடுக்கிற வண்டியில் அவற்றைப் போட்டுவிட்டேன். வேறு காரணமும் இருந்தது. கராஜில் தூசி, அவளுக்கு இருமல்.

ஹம்ஃப்ரி வந்தபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அந்த இதழ்களைத் தூக்கிப் போடச் சொன்னதே கானிதான், இப்போது அது அவளுக்கு ஞாபகம் இல்லை, கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கானி, அந்தப் புத்தகங்களை நீங்களே எடுத்துப் போடச் சொல்லிட்டீங்களாமே."

"நானா?"

"பரவாயில்லை, விடுங்க. எனக்கே நேத்து என்ன சாப்பிட்டேன்னு ஞாபகம் இருக்கிறதில்லை."

அவள் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நான் சொன்னேனா பெரில்?"

"சொன்னே."

அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். அவள் பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னது ஹம்ஃப்ரி, நான் இல்லை. மறதி நோய் பார்க்கிற டாக்டர் பொறுமைசாலி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கானி நிமிர்ந்து உட்கார்ந்து, தன் ஹைடன் தட்டை அந்த ஆண்டின் ஆனந்தமான இசைத்தட்டு என்று 'செசிலியா' எழுதியதாகச் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெஃப்ரி அத்தனை தடவை படித்த பிறகும் அவளுக்குள் அது அழியாமல் இருந்திருக்கிறது. டாக்டர் தன் கணினியில் அதைத் தேடிப் பார்த்தார். வலப்பக்கத்து எழுத்தை மட்டும் படித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். கண் நன்றாகத் தெரியுமா என்று முதலில் கேட்டிருந்தார், தெரியும் என்று சொல்லியிருந்தாள். அவள் வரைந்ததில் எண்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளுக்குத் தாளே சரியாகத் தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அவளுடைய பெருமையை அடுத்தவர் முன் குலைப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் மதியத்திலேயே தூங்கிவிடுவாள். காலையில் பியானோ வாசிப்பது மட்டும் கொஞ்ச நாள் நடந்தது. வாசித்துக்கொண்டே இருப்பாள், நடுவில் கை நின்றுவிடும். ஒரு நாள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"பெரில், அது சரியா வந்துச்சா?"

இத்தனை வருடங்களில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கையில் இருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"கொஞ்சம் இழுவையா இருந்துச்சு."

"அப்படியா?"

"கொஞ்சம்தான்."

அந்தக் குளிர்காலத்தில் பியானோவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். அவள் முழுச் சம்மதத்தோடு. தன் விமர்சனங்களைத் தேடச் சொல்வதையும் விட்டுவிட்டாள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, இன்றைக்கு மாத்திரை போட்டேனா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டாள். பெரும்பாலும் செய்திருப்பாள். சில நாள் இல்லை என்று சொல்வேன். வசந்தத்தில் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். மலையைப் பார்த்த அறை. அவளுக்கு மலை தெரியாது, ஆனால் அறை நல்ல அறை.

இமோஜன் பீல் என்ற அந்தப் பெண் வராமல் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். பழைய இசைத்தட்டுகளை மறுபடியும் வெளியிடுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறாள். கானியின் தட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாகப் போட அனுமதி கேட்டு இல்லத்துக்கே வந்தாள். நானும் கூட இருந்தேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றாள் கானி. "அதெல்லாம் சுமாரான தட்டுங்க. யாரு கேப்பா?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? கெம்ப் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் நான் உங்களைத் தேடிக்கிட்டு வந்தேன். ஆண்டின் ஆனந்தமான இசைத்தட்டு!"

கானி அந்தப் பெண்ணின் கையைத் தடவிக் கொடுத்தாள். "நானும் அப்படித்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு மூளை சரியில்லை. உனக்குச் சின்ன வயசு. நல்லா பாத்துப் படி."

அந்தப் பெண் பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் போடுவதற்காகப் பழைய பக்கத்தின் படத்தைத்தான் எடுத்து வைத்திருந்தாள். வலப்பக்கத்து எழுத்தை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு 'செசிலியா' அலுவலகத்துக்கு எழுதினாள். அவர்கள் யார் திருத்தியது என்று பார்த்தார்கள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டீர்கள். இல்லத்தில் போன மாதம் என்ன நடந்தது என்று. அங்கே கூடத்தில் ஒரு பியானோ இருக்கிறது, இரண்டு கட்டைகள் வேலை செய்யாது. டீ நேரத்தில் கானி தடவிக்கொண்டே போய் அதன் முன் உட்கார்ந்தாள். ஷூபர்ட் வாசித்தாள், மெதுவான பகுதி. செத்துப்போன கட்டைகள் வரும்போது அந்த ஸ்வரத்தை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டாள், யாருக்கும் தெரிந்திருக்காது. டீ வண்டி தள்ளுகிற பெண் வண்டியை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் ஒரு கிழவர் வாயை மூடினார். கானி பாதியில் நிறுத்தி மூடியைச் சாத்தினாள். "மன்னிச்சுக்கங்க, எல்லாருக்கும் தொந்தரவு பண்ணிட்டேன்" என்றாள்.

அவள் அதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அறைக்குத் திரும்பும்போது, "எப்படி இருந்துச்சு பெரில்?" என்று கேட்டாள். "இழுவையா இருந்துச்சு" என்றேன்.

ஆக, ஆமாம். என் அக்காவுக்கு மறதி நோய் கிடையாது. முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அவளைவிட நல்ல ஞாபகசக்தி உள்ள ஒருவரை நான் சந்தித்ததில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பக்கத்தின் படத்தில் அப்படியே இருந்தது. மாற்றியது நான், காகித வண்டியில் போட்டது நான், தேவையில்லாத மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்ததும் நான். எதற்காக என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பிழைகளை விட்டுவைக்க எனக்கு மனம் வராது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

போன வாரம் இமோஜனும் ஹம்ஃப்ரியும் இல்லத்துக்குப் போய் கானியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். பழைய பக்கத்தை ஹம்ஃப்ரியே படித்துக் காட்டினாராம், படிக்கும்போதே அழுதாராம். கானி முழுவதையும் கேட்டுவிட்டு, "பெரில் வரட்டும், அவகிட்ட கேட்டுக்கிறேன்" என்றாளாம்.

நேற்று கேட்டாள். நீங்கள் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் கடைசியாகப் போனது அங்கேதான். அவர்கள் நல்லவர்கள், உன் மனசு நோகக் கூடாதென்று ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். கை நீட்டித் தேடி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கிளம்புகிற வரைக்கும் விடவே இல்லை. நீங்களே சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். கெடுதல் செய்கிறவளின் கையை யாராவது அப்படிப் பிடித்துக்கொள்வார்களா?